நாலு பற்றரி

தவரெத்தினம் நோர்வேயிலிருந்து எடுத்தான்.
அங்கே இன்னும் விடியவில்லை, இங்கே உலை கொதித்துவிட்டது.
"அக்கா, பதினேழாம் கேள்வி" என்றான்.
மற்றதெல்லாம் நிரப்பிவிட்டானாம்:
பிறந்த இடம், கட்டிய வரி, மனைவி, இரண்டு பிள்ளைகள்,
இருபத்துமூன்று பனிக்காலம்.
இது மட்டும் வெறுமையாய்க் கிடக்கிறது.

எப்போதாவது, எந்த நாட்டிலாவது
கைதுசெய்யப்பட்டிருக்கிறீர்களா?
ஆம் எனில் விவரம் எழுதுக.
ஆவணம் இணைக்குக.

முதன்முதல் போய் இறங்கின நாளில்
அந்தக் கைதைத்தான் அவர்களிடம் காட்டினான்.
சட்டையைக் கழற்றி முதுகையும் காட்டினான்.
நம்பினார்கள். உள்ளே விட்டார்கள்.
இப்போது அதே கைது
குடியுரிமைக் கதவுக்குக் குறுக்கே
காலை நீட்டிக்கொண்டிருக்கிறது.
பிடித்ததற்கு அவர்களிடம் எழுத்து இருக்கிறது.
விட்டதற்கு எவரிடமும் இல்லை.

கொக்கட்டிச்சோலையில் பஸ் ஏறினேன்.
மண்முனையில் இப்போது பாலம்.
பாதைக்காக நாங்கள் வெயிலில் காய்ந்த துறையை
பஸ் ஒரு மூச்சில் கடந்துவிட்டது.
நான் வெளியே பார்க்கவில்லை.

நீதிமன்றப் பதிவறையில் ஜௌபர் நானா
"எந்த வருசங்கா?" என்றார்.
தொண்ணூற்றாறு.
"வெள்ளம் பூந்த அறை அது" என்று
ஒரு கதவைக் கண்ணால் காட்டினார்.
அடுத்த கிழமை வரச் சொன்னார். அதற்கடுத்த கிழமையும்.
நாலாம் முறை என்னைக் கண்டதும்
தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு
அவரே எழும்பிப் போனார்.

அப்பளம்போல ஒட்டிக் கிடந்த தாள்களைப்
பென்சில் நுனியால் பிரித்தார்.
முழுக்கச் சிங்களம்.
விரல் ஓட ஓட எனக்குத் தமிழில் சொன்னார்:
சந்தேகநபர், வயது பத்தொன்பது.
இடம், மண்முனைச் சோதனைச்சாவடி.
கைப்பற்றிய பொருள்,
சீனி கால் கிலோ,
இறாத்தல் பாண் ஒன்று,
பாணின் நடுவில் ரோச் பற்றரி நாலு.

"பாணுக்குள்ளயா!" என்று நானா சிரித்தார்.
மறுகா என் முகத்தைப் பார்த்தார்,
சிரிப்பை விட்டுவிட்டார்.

அது எந்தக் கடைப் பாண் என்று எனக்குத் தெரியும்.
அதைக் கீறச் சொன்னது யார் என்றும்.
றேடியோ வாய்மூடி ஒரு மாதம் அப்போது.
படுவான்கரைக்குப் பற்றரி வரக்கூடாத காலம்.
"நாலே நாலுதானேடா" என்று
துறையடி மட்டும் பின்னாலே போய்க் கெஞ்சினவள் நான்.
செய்தி கேட்க என்றாலும் பரவாயில்லை,
ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் கேட்க.

யாருக்குக் கொண்டுபோகிறாய்?
அந்தக் கேள்வி வழக்கேட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது.
பதிலுக்கு நேரே
மூன்று இடத்திலும் ஒரு கோடு.

கோடு இழுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்.
பதினொரு மாதம்.

கடைசித் தாளில்:
சாட்சியம் போதாது, விடுவிக்கப்படுகிறார்.
நீதவானின் கையெழுத்து தண்ணீரில் கரைந்து
நீலமாய் ஒழுகியிருந்தது.
"இது செல்லுமா நானா?"
"பிரதி எடுத்து முத்திரை குத்தித் தாறன்.
செல்லுறது செல்லாதது அவங்கட பாடு."

இரவு தம்பி கேட்டான்,
"விவரத்துக்கு என்ன எழுத?"
பாண் என்று எழுது.
"விளங்காது அக்கா அவங்களுக்கு."
பற்றரி என்று எழுது.
"பற்றரிக்கா என்று கேட்பாங்கள்."
அக்காவுக்கு என்று எழுது, என்றேன்.
அங்கே அவன் மகள் எதையோ
எனக்குத் தெரியாத மொழியில் கேட்டாள்.
அவளுக்குப் பதில் சொன்னான்.
எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மொழிபெயர்ப்பாளரிடம் பிரதியைக் கொடுத்துவிட்டு
பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு கடையில்
நாலு ரோச் பற்றரி கேட்டேன்.
எடுத்து வைத்தான் பெடியன், அவ்வளவுதான்.
எதற்கு என்று கேட்பான் என
ஏனோ நின்றுகொண்டிருந்தேன்.

"துண்டு வேணுமா அன்ரி?"

வேணும் மனே.
தேதியைப் போடு.
சாமானைத் தெளிவா எழுது.
யாருக்கு என்று ஒரு இடம் இருந்தால்
அதில் என் பேரைப் போடு.